தோட்டமும் லேண்ட்ஸ்கேப் டிசைனும்: இணையத்தில் இலவசமாகக் கற்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசு செலவழிக்காமல் இதை உண்மையிலேயே கற்றுக்கொள்ள முடியுமா?

அடிப்படை வரை தாராளமாக முடியும். மண்ணைப் புரிந்துகொள்வது, வெயிலும் நிழலும் எங்கே எப்போது விழுகின்றன என்று பார்ப்பது, இடத்துக்கேற்ற செடியைத் தேர்ந்தெடுப்பது, அளவு எடுத்துப் படம் போடுவது ஆகிய நான்குக்கும் தேவையான பாடம் முழுவதும் இலவசமாகவே கிடக்கிறது. அதுவும் பல்கலைக்கழகத் தரத்தில்.

முடியாதது என்றால், கவாத்து செய்யும் கைப்பழக்கம். அது படித்து வராது, வெட்டி வெட்டித்தான் வரும். அப்புறம், ஆள் உயரத்துக்கு மண்ணைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவர் போன்ற வேலைகள். அதை வீடியோ பார்த்துக் கட்டாதீர்கள். ஈர மண்ணின் பாரம் எவ்வளவு என்று கணக்குப் போடத் தெரிந்த பொறியாளர் வேண்டும்.

சரி, எந்தத் தளத்திலிருந்து தொடங்குவது?

தளத்தைத் திறக்கும் முன் உங்கள் இடத்தைப் பற்றி நான்கு விவரங்களை எழுதி வையுங்கள். இது இல்லாமல் எதைப் படித்தாலும் யாரோ ஒருவருடைய தோட்டத்தைப் பற்றித்தான் படிக்கிறீர்கள்.

முதலாவது வெயில். ஒரே இடத்தில் நின்று, காலை முதல் மாலை வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு படம் கைபேசியில் எடுங்கள். ஓர் இடத்தில் 6 மணி நேரத்துக்கு மேல் நேர் வெயில் விழுந்தால் அது முழு வெயில். 3 முதல் 6 வரை என்றால் பாதி நிழல். பெரும்பாலான தளங்கள் செடிகளை இந்தக் கணக்கில்தான் பிரித்துப் போட்டிருக்கின்றன.

இரண்டாவது மண். நேரான பக்கங்கள் உள்ள கண்ணாடிப் பாட்டில் ஒன்றை எடுத்து, 15 செ.மீ. ஆழத்திலிருந்து தோண்டிய மண்ணைக் கல், வேர் நீக்கி, மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். கழுத்து வரை தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். மூடி ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். அந்த மட்டத்தில் பேனாவால் கோடு போடுங்கள். இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல், இன்னொரு கோடு. களிமண் இறங்கித் தண்ணீர் தெளிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். மூன்றாவது கோட்டையும் போட்டு ஸ்கேலால் அளந்தால் விகிதம் வந்துவிடும். மொத்தம் 10 செ.மீ. படிவில் மணல் 4, வண்டல் 4, களி 2 என்றால் உங்களுடையது எல்லோரும் ஏங்கும் லோம் மண். மேலே இன்னும் ஏதாவது மிதந்தால் அது மக்கிய இலை தழை, கவலை வேண்டாம். அமெரிக்க வேளாண் துறையின் மண் அமைப்புக் கணிப்பானில் இந்த மூன்று எண்களையும் போட்டால் மண்ணின் பெயரைச் சொல்லிவிடும்.

மூன்றாவது வடிகால். ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் ஒரு குழி. தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று பாருங்கள். 2.5 செ.மீ.க்குக் கீழ் என்றால் தண்ணீர் தேங்கும் இடம். 10க்கு மேல் என்றால் ஊற்ற ஊற்ற ஓடிவிடும் இடம்.

நான்காவது, தண்ணீர் எங்கிருந்து வரும், யார் ஊற்றுவார்கள். இதற்கு எந்தச் சோதனையும் கிடையாது, நேர்மை இருந்தால் போதும்.

நம்பிப் படிக்கக்கூடிய தளங்கள் எவை?

என் முதல் ஓட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் எக்ஸ்டென்ஷன் பக்கங்களுக்கு. 1862இல் மோரில் சட்டத்தின் வழியாக வேளாண்மை கற்பிக்கும் கல்லூரிகளுக்கு அந்நாட்டு அரசு நிலம் ஒதுக்கியது. 1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்து, கல்லூரியின் ஆராய்ச்சியை ஊர் மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் விரிவாக்கப் பணியை நாடு முழுவதும் நிறுவியது. அன்று துண்டுப் பிரசுரமாக வந்தது இன்று இணையத்தில் கிடக்கிறது. நார்த் கரோலைனா ஸ்டேட் பல்கலைக்கழகம் தன்னார்வத் தோட்டப் பயிற்சியாளர்களுக்காக எழுதிய முழுக் கையேட்டையே திறந்து வைத்திருக்கிறது. மண், கம்போஸ்ட், பூச்சி, கவாத்து, லேண்ட்ஸ்கேப் டிசைன் என்று எல்லாவற்றுக்கும் அதில் அத்தியாயம் உண்டு. ஒரே ஒரு இடத்தைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். பூச்சி, நோய் என்றால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைப் பக்கங்கள்.

செடி செடியாகத் தேட மிசௌரி தாவரவியல் பூங்காவின் பிளான்ட் ஃபைண்டர் நல்லது. உயரம், அகலம், வெயில், தண்ணீர், வரக்கூடிய தொல்லைகள் என்று வரிசையாகத் தரும். 1804இல் தொடங்கிய லண்டன் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டியின் தளத்தில் வளர்ப்புக் குறிப்புகள் நிறைய. பெயர்க் குழப்பம் வந்தால் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டம் 2017இல் தொடங்கிய பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன் தளம் தீர்த்து வைக்கும்.

தேடுவதற்கு ஒரு சின்ன தந்திரம்: செடியின் பெயரோ பிரச்சினையின் பெயரோ எதுவானாலும், கூடவே 'எக்ஸ்டென்ஷன்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்துத் தட்டுங்கள். விளம்பரத்துக்காக எழுதிய பக்கங்கள் பாதி கீழே போய்விடும்.

இவை பெரும்பாலும் குளிர் நாட்டுத் தளங்கள். வெப்பமான இடத்தில் இருக்கும் எனக்கு உதவுமா?

மண், வேர், தண்ணீர் பற்றிச் சொல்வது எங்கேயும் பொருந்தும். மாதம், திசை, குளிர் பற்றிச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

அமெரிக்கத் தளங்களில் செடிக்குச் செடி 'ஜோன் 9', 'ஜோன் 10' என்று போட்டிருக்கும். அது வேளாண் துறை வரைந்த குளிர் தாங்கும் மண்டலப் படம். கடைசியாக 2023இல் புதுப்பித்தார்கள். ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவின் வெப்பநிலையை, பல ஆண்டுகளுக்குச் சராசரி எடுத்து 13 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். செடி குளிரில் சாகுமா என்பதை மட்டுமே அது சொல்லும். கோடையில் கருகுமா, மழையில் அழுகுமா என்று ஒரு வார்த்தை சொல்லாது. உறைபனியே இல்லாத இடத்தில் அந்த எண்ணை மட்டும் நம்பிச் செடி வாங்கக் கூடாது.

திசை விஷயம் இன்னும் சுவாரசியம். 'தெற்குச் சுவர்தான் சூடான சுவர்' என்று பிரிட்டிஷ் பக்கங்கள் சத்தியம் செய்யும். அவர்களுக்கு நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே. ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் இது அப்படியே வடக்காக மாறிவிடும். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் நடுவில் இருப்பவர்களுக்குச் சூரியன் ஆண்டுக்கு இருமுறை தலைக்கு நேர் மேலே வந்து போகும். அதனால் சில மாதம் வடக்குச் சுவரில் வெயில், சில மாதம் தெற்குச் சுவரில். ஜூனில் நிழல் என்று நினைத்து வைத்த செடி டிசம்பரில் வெயிலில் வதங்கும், அல்லது மாறியும் நடக்கும். சன்கால்க் என்ற இலவசத் தளத்தில் உங்கள் இடத்தையும் தேதியையும் கொடுத்தால், சூரியன் எந்தப் பாதையில் போகும் என்று படத்தின் மேல் கோடு போட்டுக் காட்டும். ஜூன் 21, டிசம்பர் 21 இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

வெப்ப மண்டலத்துக்கென்றே எழுதியவையும் இருக்கின்றன. ஹவாய், ஃப்ளோரிடா பல்கலைக்கழகங்களின் வெளியீடுகளும், சிங்கப்பூர் தேசியப் பூங்கா வாரியத்தின் ஃப்ளோரா அண்ட் ஃபானா வெப் தளமும் எனக்கு அதிகம் கைகொடுத்தவை.

யூடியூப் மட்டும் போதாதா?

கையால் செய்வதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. பதியன் போடுவது, ஒட்டுக் கட்டுவது, கிளையை எந்தக் கோணத்தில் வெட்டுவது என்பதை எழுத்தில் படித்தால் குழப்பம்தான். ஆனால் 'இதைப் போட்டால் பூத்துக் குலுங்கும்' ரக வீடியோக்களில் இரண்டு தொட்டிகளையும் ஒன்றுபோல் வைத்து, ஒன்றில் மட்டும் அதைப் போட்டுக் காட்டுகிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே தொட்டி, முன்னும் பின்னும் இரண்டு படம், அவ்வளவுதான்.

ஓர் உதாரணம். தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நூறு வீடியோக்கள் சொல்லும். நடப்பது வேறு. நுண்ணிய மண்கலவை தன் ஈரத்தைப் பெரிய இடைவெளிகள் உள்ள ஜல்லிக்குச் சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. கலவை முழுக்க ஊறிய பிறகுதான் சொட்டும். ஆக, ஊறி நிற்கும் பகுதி தொட்டியின் அடியிலிருந்து ஜல்லியின் மேல்மட்டத்துக்கு ஏறிவிடுகிறது, வேருக்கு இன்னும் பக்கத்தில். சந்தேகமாக இருந்தால் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கை வசமாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும். உயரம் கூடினால் வடியும், அடுக்கு போட்டால் வடியாது. இப்படிப்பட்ட நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து எழுதியவர் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் லிண்டா சாக்கர்-ஸ்காட். அவருடைய கட்டுரைகள் இணையத்தில் இலவசம். படித்தால் நாமே செய்துகொண்டிருந்த நாலைந்து விஷயம் அதில் அடிபட்டுக் கிடக்கும்.

டிசைனை எந்த வரிசையில் கற்பது?

எல்லோரும் செடியில் தொடங்குகிறார்கள். செடி கடைசியில் வர வேண்டியது.

முதலில் அளவுப்படம். கிராஃப் தாளில் 1:50 அல்லது 1:100, அதாவது தாளில் 1 செ.மீ. என்றால் தரையில் அரை மீட்டர் அல்லது ஒரு மீட்டர். மரம் எங்கே நிற்கிறது என்று குறிக்க, வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து மரத்துக்கு டேப் பிடித்து இரண்டு நீளங்களை எடுங்கள். தாளில் காம்பஸால் இரண்டு வட்டம் போட்டால் அவை வெட்டும் இடம்தான் மரம். கோணம் பார்க்கும் கருவி ஒன்றும் வேண்டாம். ஜன்னல், கதவு, தண்ணீர்க் குழாய், கழிவுநீர்த் தொட்டி மூடி வரை எல்லாம் படத்தில் இருக்கட்டும். அந்த மூடியை மறந்துவிட்டு அதன் மேல் புல்தரை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதன் மேல் டிரேசிங் தாள் வைத்து, 'உட்கார', 'குழந்தைகள்', 'துணி காய', 'கம்போஸ்ட்' என்று வெறும் வட்டங்களாகப் போட்டுப் பாருங்கள். பபுள் டயக்ராம் என்பார்கள். ஐந்தாறு தாளாவது கிழியட்டும். பதினெட்டாம் நூற்றாண்டு இறுதியில் இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி ரெப்டன் என்ற வடிவமைப்பாளர், சிவப்பு அட்டை போட்ட புத்தகங்களில் இருக்கும் தோட்டத்தை வரைந்து, அதன் மேல் தூக்கினால் மாறும் ஒட்டுத்தாள் வைத்து 'முன்', 'பின்' காட்டினார். உங்கள் வீட்டுப் படத்தைப் பிரின்ட் எடுத்து அதையே செய்யலாம்.

அடுத்து நடை. ஒருவர் தள்ளுவண்டியோடு போக 90 செ.மீ., இருவர் சேர்ந்து நடக்க 120. படி கட்டும்போது ஒரு பழைய கணக்கு உண்டு: படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, கால் வைக்கும் அகலத்தைக் கூட்டினால் சுமார் 65 செ.மீ. வர வேண்டும். 15 உயரம் என்றால் 35 அகலம். 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஃபிரான்சுவா பிளாண்டெல் சொன்னது. மனிதன் எடுத்து வைக்கும் அடியின் அளவு அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

பிறகு வாட்டம். வீட்டுச் சுவரிலிருந்து விலகித் தண்ணீர் ஓட, தளத்துக்கு மீட்டருக்கு 2 செ.மீ. இறக்கம் போதும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய குழாய்) இதைச் சரிபார்க்கலாம்.

இதெல்லாம் முடிந்து செடிக்கு வரும்போது, வாங்கும்போது இருக்கும் அளவில் வரையாதீர்கள். முழு வளர்ச்சியில் 3 மீட்டர் அகலம் என்றால், படத்தில் 3 மீட்டர் வட்டம். ஆரம்பத்தில் இடம் மொட்டையாகத் தெரியும்தான். நடுவே ஓராண்டுச் செடிகளைப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

பார்த்துப் பழக, பிரேசிலின் தோட்ட வடிவமைப்பாளர் ரொபெர்தோ பர்லே மார்க்ஸ் போட்ட தோட்டங்களையும், இலங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948 முதல் பல பத்தாண்டுகள் செதுக்கிய லுனுகங்கா தோட்டத்தையும் படங்களில் தேடுங்கள். இரண்டும் வெப்ப மண்டலம். பூவைவிட இலையின் வடிவத்தையும் நிழலையும் நம்பியவை.

எந்த மென்பொருள்?

தாளும் பென்சிலும் என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். முப்பரிமாணத்தில் வரையும் ஸ்கெட்ச்அப்புக்கு உலாவியில் ஓடும் இலவசப் பதிப்பு உண்டு. சுத்தமான அளவுப்படத்துக்கு இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைமென்பொருள். பெரிய நிலம் என்றால் கூகுள் எர்த்தில் தூரம் அளந்துகொள்ளலாம்.

நானும் மூன்று வாரம் உட்கார்ந்து என் இடத்தை முப்பரிமாணத்தில் செய்தேன். பெஞ்சுக்கு நிழல், புல்லுக்குப் பச்சை, எல்லாம் பிரமாதம். பக்கத்துக் கட்டடத்தை மட்டும் வரையவில்லை. வெயில் கேட்கும் செடிகளை நட்ட பிறகுதான் தெரிந்தது, மதியம் இரண்டு மணிக்கே அந்தப் பக்கம் முழுவதும் அதன் நிழல். முதலில் சொன்னபடி கைபேசியில் ஆறு படம் எடுத்திருந்தால் போதும்.

சான்றிதழ் தரும் இலவசப் படிப்புகள் இருக்கின்றனவா?

பிரிட்டனின் ஓபன் யுனிவர்சிட்டி நடத்தும் ஓபன்லேர்னில் படிப்பும் இலவசம், பங்கேற்றதற்கான சான்றும் இலவசம். கோர்செரா, எட்எக்ஸ் போன்ற படிப்புத் தளங்களில் சில படிப்புகளைக் காசில்லாமல் பார்க்கலாம். சான்றிதழுக்குப் பணம் கேட்பார்கள். எம்ஐடி ஓபன்கோர்ஸ்வேர் பாடத்தைத் தரும், சான்று தராது. எதுவானாலும், பல நாடுகளில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளப் பட்டமும் உரிமமும் வேண்டும். ஆன்லைன் சான்று அதற்கு ஈடாகாது.

செடியின் பெயரே தெரியாது. எப்படித் தேடுவது?

பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனங்கள் உருவாக்கிய பிளான்ட்நெட், அல்லது ஐநேச்சுரலிஸ்ட். இலை, பூ, பட்டை என்று தனித்தனியாகப் படம் எடுத்தால் விடை ஒழுங்காக வரும். அது தரும் இரட்டைச் சொல் லத்தீன் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்குப் பெயர் ஊருக்கு ஊர் மாறும், லத்தீன் பெயரைத் தட்டினால் உலகமே ஒரே செடியைக் காட்டும். ஆனால் செயலி சொன்னதை நம்பி எதையும் வாயில் வைக்காதீர்கள்.

பழைய தோட்டப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றனவே, படிக்கலாமா?

பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி, இன்டர்நெட் ஆர்க்கைவ் இரண்டிலும் பதிப்புரிமை முடிந்தவை குவிந்திருக்கின்றன. நிறம், அமைப்பு, பாதை பற்றி அவை சொல்வது இன்றும் பழசாகவில்லை. பூச்சிமருந்து அத்தியாயத்தை மட்டும் தாண்டிவிடுங்கள். ஈய ஆர்சனேட் என்ற கொடிய நஞ்சைக் கரைத்துத் தெளி என்று சர்வ சாதாரணமாக எழுதியிருப்பார்கள்.

தமிழில் என்ன இருக்கிறது?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளம் தமிழிலும் இருக்கிறது. மண், உரம், பூச்சி, தோட்டக்கலைப் பயிர்கள் பற்றி நிறைய. டிசைன் பக்கம் தமிழில் வறட்சிதான், அதற்கு ஆங்கிலப் பக்கங்களை மொழிபெயர்த்துப் படிக்க வேண்டியிருக்கும். அப்போது சில சொற்களில் எச்சரிக்கை தேவை. பாத்தியைக் குறிக்கும் 'பெட்' என்பதை இயந்திரம் படுக்கை என்று மாற்றி, 'படுக்கையில் உரம் இடவும்' என்று சொல்லும். 'ஹார்டி' என்றால் குளிர் தாங்கும் என்று பொருள்; 'கடினமான செடி' என்று வரும். 'மல்ச்' என்பது மூடாக்கு, அதாவது சருகு போன்றவற்றால் மண்ணின் மேல் போடும் போர்வை. 'கம்போஸ்ட்' என்று பிரிட்டிஷ்காரர் எழுதினால் சில இடத்தில் மக்கிய உரம், சில இடத்தில் தொட்டிக்கான மண்கலவை. காலன் என்றால் அமெரிக்காவில் 3.8 லிட்டர், பிரிட்டனில் 4.5 லிட்டர், மருந்து கலக்கும்போது இது விளையாட்டில்லை.

ஆறு மாதமாகப் படிக்கிறேன், இன்னும் ஒரு செடி வைக்கவில்லை. என்ன செய்ய?

உலாவியில் திறந்து வைத்திருக்கும் தாவல்களை மூடுங்கள். ஒரு மீட்டர்க்கு ஒரு மீட்டர் இடம் ஒன்றைக் குறியுங்கள். அதன் வெயில் கணக்கும் பாட்டில் சோதனை முடிவும் உங்களிடம் இருக்கிறதல்லவா? அதற்குப் பொருந்தும் மூன்றே வகைச் செடிகள். நட்டு, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி, 5 செ.மீ. தடிமனுக்கு மூடாக்கு. அவ்வளவு இடத்துக்கு 50 லிட்டர் சருகு பிடிக்கும், இரண்டு மூன்று பெரிய வாளி நிறைய. அடுத்த கேள்வியை அந்தச் செடிகளே கேட்கும். அதை வைத்துத் தேடுங்கள்.